முகாம் முடிந்த மறுநாள்: மும்பையில் மொழிப் பரிமாற்றம்

2025 கோடை விடுமுறையில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் ‘பாரதிய பாஷா சம்மர் கேம்ப்’ என்ற பெயரில் பள்ளிகளில் மொழி முகாம்களை நடத்தச் சொன்னது. ஒரு வாரம், நாளுக்கு 4 மணி நேரம், மொத்தம் 28 மணி நேரம். அதற்குள் மாணவர்கள் தங்களுக்குத் தெரியாத இன்னொரு இந்திய மொழியில் வணக்கம் சொல்லவும், பேர் ஊர் சொல்லவும், எண்ணவும், ஒரு பாட்டுப் பாடவும் பழகிக்கொள்ள வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் நடந்த நான்காவது காசி தமிழ்ச் சங்கமத்துக்கு ‘தமிழ் கற்கலாம்’ என்பதே மையக்கருத்து. இந்தி அறிந்த தமிழாசிரியர்கள் 50 பேர் வாராணசிப் பள்ளிகளுக்குப் போனார்கள். உத்தரப் பிரதேசக் கல்லூரி மாணவர்கள் சுமார் 300 பேர் தமிழகம் வந்தார்கள். அயல்நாட்டு மாணவர்களைச் சீனாவுக்கு வரவழைத்துச் சில வாரங்கள் சீனமொழி கற்பிக்கும் கோடைத் திட்டங்களும் இதே அச்சில் வார்க்கப்பட்டவைதாம். தொடக்க விழா, வகுப்பு, ஊர் சுற்றல், நிறைவு விழா. கடைசி நாட்கள் பெரும்பாலும் ஒத்திகைக்கும் சான்றிதழுக்கும் குழுப் படத்துக்கும் போய்விடும். மேடையில் ஒரு பிள்ளை வேற்று மொழியில் ஐந்தாறு வாக்கியம் பேசினால் கைதட்டல் எழும். அறிக்கையில் அதுவே பயன் என்று பதிவாகும். அந்த ஐந்தாறு வாக்கியத்துக்கு மறுநாள் என்ன வேலை இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. குறுகிய மொழித் திட்டம் ஒன்றின் மதிப்பு அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். அதைச் சோதித்துப் பார்க்கத் தமிழர் வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் மூன்றையும் கொண்ட மும்பையைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் குறைவு.

முதலில் நேரக் கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு அயல்மொழி கற்பிக்க ஒரு நிறுவனம் வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசும் ஒருவர் அலுவல் நடத்தும் அளவுக்குத் தமிழ் கற்க 44 வாரம், அதாவது ஏறக்குறைய 1,100 வகுப்பு மணி தேவை என்பது அதன் நெடுநாள் அனுபவக் கணக்கு. சீனத்துக்கு இது இரண்டு மடங்கு: 88 வாரம், 2,200 மணி. மராத்தியோ இந்தியோ பேசும் குழந்தைக்குத் தமிழ் அவ்வளவு அந்நியமில்லை; பொதுச் சொற்கள் உண்டு, வினைச்சொல் கடைசியில் வரும் வாக்கிய அமைப்பு ஒன்று. ஆகவே பாதி நேரம் போதும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 550 மணி வருகிறது. 28 மணி அதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். இந்தக் கணக்கு அரசுக்குத் தெரியாததன்று. மைசூரில் 1969இல் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தன் மண்டல மையங்களில் பள்ளி ஆசிரியர்களுக்கு வேற்று மாநில மொழியைக் கற்பித்து வந்திருக்கிறது. மைசூர் மையத்தில் தமிழ், புணே மையத்தில் மராத்தி. அந்தப் படிப்பின் காலம் பத்து மாதம். ஏற்கெனவே பாடம் நடத்தித் தேர்ந்த ஆசிரியர்களுக்கே பத்து மாதம் தேவை என்று கண்ட ஓர் அரசு, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏழு நாள் ஒதுக்கும்போது அது மொழி கற்பிப்பதை நோக்கமாகக் கொள்ளவில்லை என்றே புரிந்துகொள்ள வேண்டும். மொழியை எட்டிப் பார்க்க வைப்பதுதான் நோக்கம். அதில் தவறில்லை, ஆனால் எட்டிப் பார்த்தது எவ்வளவு நாள் நினைவில் நிற்கும் என்பது அடுத்த கேள்வி.

இதற்கு நினைவாற்றல் ஆய்வுகள் தெளிவான விடை வைத்திருக்கின்றன. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வு, கற்றது முதல் சில மணி நேரத்திலும் நாட்களிலும் மிக விரைவாக உதிர்ந்து பிறகு மெல்ல மெல்லக் குறைகிறது என்று காட்டியது. மொழியை எடுத்துக்கொண்டு இதை நீண்ட கால அளவில் பார்த்தவர் அமெரிக்கரான ஹாரி பாரிக். பள்ளியிலோ கல்லூரியிலோ ஸ்பானிஷ் படித்த 733 பேரை, படித்து முடித்து ஐம்பது ஆண்டுவரை ஆனவர்களையும் சேர்த்துச் சோதித்து அவர் 1984இல் முடிவுகளை வெளியிட்டார். படித்து முடித்த மூன்றிலிருந்து ஆறு ஆண்டுகளுக்குள் பெரும் இழப்பு. அதில் தப்பியது ஏறக்குறைய முப்பது ஆண்டு அப்படியே நின்றது. நம் கேள்விக்கு முக்கியமான செய்தி இன்னொன்று: இழக்கும் அளவு, நிறையக் கற்றவருக்கும் கொஞ்சம் கற்றவருக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. நிறையக் கற்றவருக்கு இழந்தது போக மிச்சம் நின்றது. கொஞ்சமே கற்றவருக்கு மிச்சம் என்று ஏதுமில்லை. ஒரு வார முகாமில் கற்ற பிள்ளை இந்த இரண்டாம் வகையில் சேரும். ஆனால் எபிங்ஹாஸிடம் ஓர் ஆறுதலும் உண்டு. மறந்துவிட்டதாகத் தோன்றுவதைத் திரும்பக் கற்கும்போது முதல் முறையைவிடக் குறைந்த உழைப்பே போதும் என்பதையும் அவர்தான் அளந்து காட்டினார். ஆகவே குறுகிய பயிற்சி வீண் என்று சொல்வதற்கில்லை. மறதி மிக வேகமாக நடக்கும் முதல் வாரங்களில் அதைத் திரும்பத் தொட ஒரு வழி இருந்தால் அது வேர் பிடிக்கும். முகாம் ஏற்பாட்டாளர்கள் கைவிட்டுப் போவது சரியாக இந்த வாரங்களைத்தான்.

அந்தத் தொடர்ச்சியைத் தர அந்த மொழியின் ஊருக்கே போனால் போதாதா என்று கேட்கலாம். மொழி மாணவர்களைச் சீனாவுக்கும் பிரான்சுக்கும் அனுப்புவதன் அடிப்படை நம்பிக்கை இதுதான். பார்பரா ஃப்ரீட், நார்மன் செகலோவிட்ஸ், டான் டூவி ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஒப்பாய்வு இந்த நம்பிக்கையைச் சற்று அசைத்தது. பிரெஞ்சு கற்ற அமெரிக்க மாணவர்களில் ஒரு குழு தன் கல்லூரியிலேயே வழக்கமான வகுப்பில் இருந்தது. ஒரு குழு பாரிசுக்குப் போனது. ஒரு குழு அமெரிக்க மண்ணிலேயே, பிரெஞ்சு மட்டுமே பேசுவோம் என்ற கட்டுப்பாட்டோடு கோடை வகுப்பில் சேர்ந்தது. பேச்சு வேகத்திலும் தடையின்மையிலும் அதிகம் முன்னேறியது பாரிசுக்குப் போனவர்கள் அல்லர், கோடை வகுப்பில் இருந்தவர்கள். பாரிசில் இருந்தவர்கள் வகுப்புக்கு வெளியே தங்களுக்குள் ஆங்கிலமே பேசிக் கழித்தார்கள்; மற்றவர்கள் சாப்பாட்டு மேசையிலும் விளையாட்டிலும் பிரெஞ்சை விடவில்லை. இதையே வேறொரு கோணத்தில் சீன வானொலி காட்டுகிறது. பெய்ஜிங்கிலிருந்து தமிழ் ஒலிபரப்பு 1963 ஆகஸ்டில் தொடங்கியது. தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்ட சீன அறிவிப்பாளர்கள் தமிழ்நாட்டிலிருந்து அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டே, இலங்கை முதல் ஈரோடு வரை நேயர்கள் புரிந்துகொள்ளும் தமிழைப் பேசி வந்தார்கள். நாள்தோறும் செய்தி வாசிக்கவும் நேயர் கடிதத்துக்குப் பதில் சொல்லவும் வேண்டியிருந்த வேலை அவர்கள் தமிழைக் காத்தது. இரண்டு சான்றும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. மொழி நிற்பதற்குத் தேவை விமானச் சீட்டு இல்லை. வகுப்பு முடிந்த பிறகும் அந்த மொழியில் பேசியே ஆக வேண்டிய ஆட்களும் காரியங்களும் தேவை.

இந்த அளவுகோலை மும்பையில் வைத்துப் பார்த்தால் அரசுத் திட்டங்களின் விசித்திரம் தெரியும். 2015இல் அறிவிக்கப்பட்ட ‘ஒரே பாரதம் உன்னத பாரதம்’ திட்டம் மாநிலங்களை இணை சேர்த்து ஒன்றின் மொழியை மற்றதில் பழக்க முயல்கிறது. அதில் மகாராஷ்டிரத்துக்கு வாய்த்த இணை ஒடிசா. தமிழ்நாட்டுக்கு ஜம்மு காஷ்மீர். தொலைவிலுள்ளவர்களை அறிமுகப்படுத்தும் ஆசை இதில் இருக்கலாம். ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி மகாராஷ்டிரத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஐந்து லட்சம் அளவில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பகுதி மும்பையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழ்கிறவர்கள். மாட்டுங்காவில் 1932இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும், அருகே கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஷண்முகானந்தா அரங்கமும், கோயில்களும் உணவகங்களும் தென்னிந்தியர்களின் நூற்றாண்டு இருப்புக்குச் சாட்சி. செம்பூரில் பிரிவினைக்குப் பின் குடியேறிய சிந்திகளும், ஆலைகளிலும் அலுவலகங்களிலும் வேலைக்கு வந்த தமிழரும் மலையாளிகளும், மராத்தியரும் அடுத்தடுத்த கட்டடங்களில் இருக்கிறார்கள். தாராவியிலோ பூர்வீகக் கோலி மீனவர்கள், குஜராத்திலிருந்து வந்த கும்பார்வாடாக் குயவர்கள், திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிட வந்த முஸ்லிம்கள், தலித்துகள், நாடார்கள், வட இந்தியத் தையல்காரர்கள் என ஏறத்தாழ இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்குள் பல மொழிகள். மும்பை மாநகராட்சி எட்டுப் பயிற்று மொழிகளில் பள்ளி நடத்தியிருக்கிறது. தமிழ் அதில் ஒன்று. மொழிப் பரிமாற்றத்துக்குத் துணை தேடி ரயிலேற வேண்டிய ஊர் இதுவன்று. துணை அடுத்த குடியிருப்பு வரிசையில் இருக்கிறது.

இங்கே முதல் மறுப்பு எழுகிறது. துணை பக்கத்திலேயே இருந்தால் திட்டமே எதற்கு? தாராவி மக்கள் எந்த வகுப்பும் இல்லாமல் மூன்று மொழி பேசவில்லையா? விடியலில் இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நகரெங்கும் போகும் தமிழர், வாடிக்கையாளரின் மொழியை வியாபாரத்திலேயே கற்றுக்கொள்கிறார். தோல் பட்டறையிலும் தண்ணீர்க் குழாயடியிலும் நடக்கும் கல்விக்குப் பாடநூல் கிடையாது. மகாராஷ்டிரத்திலேயே இதற்குப் புகழ்பெற்ற ஆய்வுச் சான்று இருக்கிறது. சாங்லி மாவட்டத்துக் குப்வாடு கிராமத்தை ஆராய்ந்து ஜான் கம்பர்சும் ராபர்ட் வில்சனும் 1971இல் எழுதினார்கள். நிலமுடைய சமணர்கள் கன்னடமும், முஸ்லிம்கள் உருதுவும், தலித்துகள் மராத்தியும், கயிறு திரிப்போர் தெலுங்கும் வீட்டில் பேசிய ஊர் அது. பல நூற்றாண்டுப் பழக்கத்தால் அந்த மொழிகளின் வாக்கிய அமைப்புகள் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. ஆனாலும் எவரும் தம் வீட்டு மொழியை விடவில்லை. குழுக்களுக்கிடையே பேச மராத்தி பயன்பட்டது. அது ஊரின் பெரிய சமூகங்களான சமணர், முஸ்லிம் இரு தரப்புக்கும் உரியதாக இல்லாமல் பொதுவாக நின்றதும் அதற்குக் காரணம். அண்டை வாழ்வு மொழியைக் கற்பிக்கும் என்பதற்கும், வீட்டு மொழியை அழித்துத்தான் கற்பிக்க வேண்டும் என்பதில்லை என்பதற்கும் இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் குப்வாடும் தாராவியும் ஒன்றல்ல. குப்வாடில் தலைமுறை தலைமுறையாக ஒரே மக்கள் ஒரே இடத்தில் இருந்தார்கள், எழுத்தின் தேவை குறைவு. இன்றைய நகரத்தில் அண்டைக் கல்விக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, அது ஒரு பக்கமாகவே ஓடுகிறது. தமிழர் இந்தியும் மராத்தியும் கற்கிறார். அவரது மராத்தி அண்டைவீட்டார் தமிழ் கற்பது அரிது. பிழைப்புக்கு யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்பதே கற்றலின் திசையைத் தீர்மானிக்கிறது. தஞ்சாவூர் வரலாறு இதை மறுபக்கமிருந்து காட்டும். 1670களில் தொடங்கி 1855 வரை தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர்கள் ஆளவந்த ஊரின் மொழிகளை அலட்சியம் செய்யவில்லை. ஷாஹஜி மன்னர் ஐந்து மொழிகளில் பாத்திரங்கள் பேசும் ‘பஞ்சபாஷா விலாசம்’ என்ற நாடகத்தையே எழுதினார். அரசவையின் ஆதரவு இருந்தவரை பரிமாற்றம் இரு பக்கமும் நடந்தது. அரசு போனதும் திசை ஒன்றாயிற்று. தஞ்சை மராத்தியர்கள் தமிழராகவே வாழத் தொடங்கினார்கள்; வீட்டுப் பேச்சில் மராத்தி நின்றது, ஆனால் அவர்களில் பலருக்கு அதை வாசிக்கத் தெரியாமல் போனது. தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் மராத்தியின் பழைய மோடி எழுத்தில் குவிந்திருக்கும் ஆவணங்களை அந்தச் சமூகத்தின் சாதாரணக் குடும்பம் எதுவும் படிக்க முடியாது. அதற்கு நிபுணர் தேவை.

இரண்டாவது குறை இதிலேயே வெளிப்படுகிறது: அண்டை வாழ்வு பேச்சைத் தரும், எழுத்தைத் தராது. மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளின் நிலை இதுவே. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம். தேவநாகரி எழுத்து கூட்டி வாசிக்கும் பிள்ளைக்குத் தாயின் மொழி எழுத்து தெரிவதில்லை. மாநகராட்சியின் தமிழ்வழிப் பிரிவுகள் நெடுங்காலம் தொடக்க, நடுநிலை வகுப்புகளோடு நின்றவை. மேலே படிக்க வேறு பயிற்று மொழிக்கு மாறுவதே பெரும்பாலானோருக்கு வழியாக இருந்தது. ஆங்கிலவழி மாநகராட்சிப் பள்ளிகள் பெருகப் பெருக, தமிழ்வழிக்கு வரும் பிள்ளைகள் குறைந்தார்கள். மாட்டுங்கா, செம்பூரின் நடுத்தர வர்க்கக் குடும்பங்களில் இந்த எழுத்திழப்பு இன்னும் முன்பே நடந்துவிட்டது. மொழி மாற்றத்தைப் பற்றி எழுதியவர்களில் முதன்மையானவரான ஜோஷுவா ஃபிஷ்மன், தன் 1991ஆம் ஆண்டு நூலில் வலியுறுத்தியது வீட்டையும் அண்டையையும் தாண்டிப் பள்ளி மட்டும் ஒரு மொழியைக் காப்பாற்றாது என்பதை. மும்பை அதன் மறுபாதியைச் சேர்க்கிறது. வீடும் அண்டையும் இருந்தும், எழுத்தறிவு தரும் ஏற்பாடு இல்லையென்றால் மொழி பேச்சாக மட்டும் சுருங்கி, அடுத்த தலைமுறையில் பேச்சும் தேயும். ஆகவே திட்டம் தேவைதான். அண்டை வாழ்வு தானாகத் தராத இரண்டையும், அதாவது எதிர்த்திசையையும் எழுத்தையும், தருவதே அதன் வேலையாக இருக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு வேறு வகையானது. முகாம்களின் நோக்கம் மொழித் திறன் இல்லை, நல்லெண்ணம். ஒரு மராத்திப் பிள்ளை ஏழு நாள் தமிழைக் கேட்டால் தமிழர்மீது அன்பு கூடும், அதுவே போதும் என்பார்கள். நல்லெண்ணமும் அளக்கக்கூடியதுதான். கார்டன் ஆல்போர்ட் 1954இல் முன்வைத்த கருத்து, இரு குழுக்கள் பழகும்போது பகை குறைய நான்கு நிலைமைகள் உதவும் என்பது: சம அந்தஸ்து, பொது நோக்கம், கூட்டுழைப்பு, அதிகாரத்தின் ஆதரவு. தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா டிராப்பும் 2006இல் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பழக்கம் பொதுவாகவே தப்பெண்ணத்தைக் குறைக்கிறது, இந்த நிலைமைகள் இருந்தால் இன்னும் கூடுதலாகக் குறைக்கிறது என்று கண்டார்கள். இதன்படி பார்த்தால், மராத்திப் பிள்ளைகள் மட்டும் உட்கார்ந்து தமிழ்ப் பாட்டைக் காணொளியில் கேட்கும் வகுப்பில் பழக்கமே நடக்கவில்லை. ஒரு தமிழரும் அந்த அறையில் இல்லை. அங்கே பிறப்பது நல்லெண்ணம் என்றால் அது ஒரு மொழியின்மீது, அதைப் பேசும் மக்கள்மீது அல்ல. ஆல்போர்ட் சொன்ன நான்கையும் ஒருசேர நிறைவேற்றும் ஏற்பாடு ஒன்று உண்டு. 1963இல் பிரான்சும் ஜெர்மனியும் பகை மறந்து ஒப்பந்தம் செய்து, அதே ஆண்டு இளைஞர் பரிமாற்றத்துக்குக் கூட்டு அலுவலகம் அமைத்தன. அந்தச் சூழலில் வளர்ந்த முறைகளில் ஒன்று இருவரை இணை சேர்ப்பது. பாதி நேரம் உன் மொழியில் நான் மாணவன், பாதி நேரம் என் மொழியில் நீ மாணவன். யாரும் நிரந்தர ஆசிரியர் இல்லை என்பதால் அந்தஸ்து சமமாகிறது. நல்லெண்ணம் வேண்டுமென்று நினைப்பவர்களும் கடைசியில் இருபக்கப் பரிமாற்றத்துக்கே வந்து சேர வேண்டும்.

மூன்றாவது மறுப்புதான் மும்பையில் கனமானது. 1966இல் சிவசேனை தோன்றியபோது அதன் முதல் இலக்கு தென்னிந்தியர்கள். அந்த வசவுகளையும் கடைகள்மீது நடந்த தாக்குதல்களையும் மூத்த தலைமுறை மறக்கவில்லை. இப்போதும் மராத்தி பேசவில்லை என்பதற்காகக் கடைக்காரர் அடிபடும் செய்தி வருகிறது. இந்த நகரத்தில் மராத்திப் பிள்ளைக்குத் தமிழ் கற்பிக்கக் கிளம்புவது வம்பை விலைக்கு வாங்குவதாகாதா? இந்த அச்சம் நியாயமானது. ஆனால் 2025இல் நடந்ததைக் கவனித்தால் மராத்தியர்களின் மனக்குறை எது என்பது தெளிவாகும். ஒன்றாம் வகுப்பிலிருந்து இந்தியை மூன்றாம் மொழியாக்கி ஏப்ரலில் மாநில அரசு ஆணையிட்டது. கடும் எதிர்ப்பு எழ, ஜூனில் ஆணையின் சொற்களை மாற்றியது, அந்த மாத இறுதியில் ஆணையைத் திரும்பப் பெற்று நரேந்திர ஜாதவ் தலைமையில் குழு அமைத்தது. எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களில் சில, 1937லும் 1965லும் இந்தியை எதிர்த்தபோது தமிழகம் சொன்னவைதாம்: திணிப்பு கூடாது, ஒருவழிப் பாதை கூடாது. பிஞ்சு வயதில் சுமை கூடாது என்பதும் அவற்றோடு சேர்ந்தது. மொழிமீதான கோபம் அல்ல இது, சமமின்மைமீதான கோபம். அதனால்தான் இருபக்கப் பரிமாற்றத்துக்கு இங்கே இடமிருக்கிறது. தமிழ்ப் பிள்ளை மராத்தி கற்றுத் தரச் சொல்லிக் கேட்டு வரும் ஏற்பாட்டில் தமிழ் கற்பது யாருக்கும் அவமானமாகாது.

இதில் தமிழர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இருக்கிறது. மூன்று தலைமுறை மும்பையில் இருந்தும் தெரு இந்தியோடு நிறுத்திக்கொண்டு, மராத்தியை அலுவலக வரிசையில் மட்டும் தேவைப்படும் மொழியாகப் பாவித்த குடும்பங்கள் குறைவில்லை. 2020இல் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தியைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்த பிறகு பிள்ளைகள் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள்; மதிப்பெண்ணுக்குப் படிக்கும் மொழி வேறு, துக்காராமையும் தலித் இலக்கியத்தையும் தந்த மொழியாக அதை அறிவது வேறு. தாராவித் தலித்துகளுக்கு அம்பேத்கரின் இயக்கம் மராத்தியில் எழுதி வைத்திருப்பது எட்ட வேண்டிய சொத்து. மராத்தித் தலித் வாசகருக்கு அயோத்திதாசர் முதல் இன்றுவரை தமிழில் எழுதப்பட்டதும் அப்படியே. ஒரே தெருவில் வாழும் இரு சமூகங்கள் தத்தம் எழுத்தை மற்றவர்க்குத் திறக்காமல் ஒரு நூற்றாண்டு கழித்திருப்பது இரு பக்கத்தின் இழப்பு. தமிழுக்கு 2004இலும் மராத்திக்கு 2024இலும் செம்மொழி என்று ஒன்றிய அரசு தந்த பட்டம் இந்த இழப்பை ஈடுகட்டாது.

நான்காவது மறுப்பைப் பெற்றோர் சொல்வார்கள். பிள்ளைக்கு வேண்டியது ஆங்கிலம். மிச்ச நேரம் கணிதத்துக்கு. தமிழ் எழுத்தாலும் பக்கத்துவீட்டு மொழியாலும் வேலை கிடைக்குமா? தாராவியில் ஒரு குடும்பம் சம்பாத்தியத்தைக் கொட்டி ஆங்கிலப் பள்ளிக்குப் பணம் கட்டும்போது இந்தக் கேள்வியை வெளியில் இருந்து எள்ளி நகையாட எவருக்கும் உரிமையில்லை. ஆனால் மொழிப் பரிமாற்றம் பயிற்று மொழியை மாற்றச் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரம் கேட்கிறது. எழுத்து அறிமுகம் இல்லாத வீட்டுத் தமிழ்ப் பிள்ளைக்கு எழுத்தும், மராத்திப் பிள்ளைக்குப் பேச்சும் என்று பிரித்துக்கொண்டால் அந்த ஒரு மணி நேரமே நிறையச் சாதிக்கும். தமிழின் பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி பெரிது. புதிதாக வருபவருக்கு முதல் நாளே செந்தமிழ் வாக்கியத்தைப் புகட்டினால், தெருவில் அதை யாரும் பேசக் கேளாமல் குழம்புவார். மதுரையில் அமெரிக்க மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கும் அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழோடு சேர்த்தே கற்பித்துவருகிறது. மும்பையில் பேச்சையும் எழுத்தையும் இப்படிப் பங்கிட்டுக்கொள்வது இன்னும் இயல்பானது. ஒவ்வொருவரும் தனக்கு ஏற்கெனவே உள்ளதை மற்றவருக்குத் தந்து, இல்லாததை வாங்கிக்கொள்கிறார். தமிழ்ப் பிள்ளைக்கு இந்தி வழியாகத் தேவநாகரி தெரியும். ஆகவே மராத்தி வாசிப்புக்கு அதன் வழி பாதி திறந்தே இருக்கிறது.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் கோடை முகாமை விட்டுவிடச் சொல்ல வேண்டியதில்லை, அதன் கடைசி நாட்களை மாற்றி அமைக்க வேண்டும் என்பது தெரிகிறது. ஒத்திகைக்கும் மேடைக்கும் போகும் நாட்களை இணை சேர்ப்பதற்குத் தரலாம். தமிழ்வழிப் பிரிவும் மராத்திவழிப் பிரிவும் ஒரே கட்டடத்திலோ பக்கத்திலோ உள்ள மாநகராட்சிப் பள்ளியில் முகாம் நடந்தால், கடைசி நாளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சான்றிதழோடு ஒரு துணையும், இருவரும் சந்திக்கும் கிழமையும் இடமும் கையில் இருக்க வேண்டும். தமிழ்ச் சங்கங்களும் மாட்டுங்கா, செம்பூரின் பண்பாட்டு அமைப்புகளும் மண்டபத்தையும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் தரலாம். வாரம் ஒரு மணி என்றால் ஆண்டுக்கு ஐம்பது மணிக்குக் குறையாது. முகாமின் 28 மணியோடு சேர்த்தால் அந்த முகாம் தனித்து நின்றபோது இருந்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அதுவும் மறதி வேகமாக நடக்கும் மாதங்களில் பரவி நிற்கும். மொழி முழுவதும் வந்துவிடாது. ஆனால் பாரிக்கின் கணக்கில் எதுவும் மிஞ்சாத வகையிலிருந்து ஏதோ மிஞ்சும் வகைக்கு அந்தப் பிள்ளை நகரும். ஆறு மாதம் கழித்து இரு பிள்ளைகளையும் ஐந்து நிமிடம் பேச விட்டுக் கேட்பது போதுமான தேர்வு. அறிக்கை எழுத வேண்டியது அன்றைக்கு.

இதற்குக் கால அவசரமும் உண்டு. தாராவி மறுசீரமைப்பு 2022இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தபின் வேகமெடுத்திருக்கிறது. 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்ததாக நிறுவ முடிந்தவர்களுக்கு தாராவிக்குள் வீடு, மற்ற பலருக்கு நகரின் வேறு பகுதியில் என்பதே ஏற்பாட்டின் அடிப்படை. வீட்டுப் பிரச்சினைக்கு அது தீர்வா என்ற விவாதம் தனி. மொழிக்கு அதன் விளைவு சந்தேகமில்லாதது. தமிழ்த் தெருவும் மராத்தித் தெருவும் குஜராத்திக் குயவர் தெருவும் அடுத்தடுத்து நின்று நூற்றாண்டாக உண்டாக்கிய பழக்கம், அடுக்குமாடிகளிலும் தொலைவான குடியிருப்புகளிலும் தானாகத் தொடராது. கடைவாசலிலும் குழாயடியிலும் செலவில்லாமல் நடந்துவந்த கல்விக்கு இனி யாராவது இடமும் நேரமும் ஒதுக்கியாக வேண்டும். மறுகுடியேற்றத் திட்டத்தில் பள்ளிக்கும் சமூகக் கூடத்துக்கும் இடம் குறிக்கும்போதே பல மொழிப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் அறையையும் கேட்டு வாங்குவது மும்பைத் தமிழ், மராத்தி அமைப்புகள் இரண்டும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. தமிழுக்கு மட்டும் என்று கேட்டால் அது ஒரு சிறுபான்மையின் சலுகைக் கோரிக்கையாகத் தள்ளப்படும். இரண்டு மொழிக்கும் சேர்த்துக் கேட்டால் நகரத்தின் கோரிக்கையாகும். முகாம் நடத்துபவர்களும் அதற்குப் பணம் தரும் அரசும் இந்தக் கோரிக்கைக்கு முன் சொல்ல வேண்டிய பதில் ஒன்றே: எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்ற எண்ணிக்கையோடு, அவர்களில் எத்தனை பேர் அடுத்த கோடையிலும் அதே துணையோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் எழுதி வெளியிட வேண்டும்.